திரைக்கு இப்பக்கம் யார்?
ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியில் தொலைமருத்துவமும் அரசு–தனியார் கூட்டும்

தமிழ்நாட்டின் வடமேற்கு மூலையில், கர்நாடகமும் ஆந்திரமும் வந்து தொடும் இடத்தில் அமைந்த கிருஷ்ணகிரி மாவட்டம், மருத்துவ வசதியைப் பொறுத்தவரை இரண்டு உலகங்களைத் தன்னுள் கொண்டது. ஓசூர் சிப்காட் தொழில் வளாகத்திலிருந்து கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைக் கடந்து சென்றால் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரும், அங்குள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும், கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையும், ஜெயதேவா இதய மருத்துவமனையும் இருக்கின்றன. அதே மாவட்டத்தின் தெற்கிலும் மேற்கிலும், தேன்கனிக்கோட்டைக்கு அப்பால், அஞ்செட்டிக் காட்டுப் பகுதியிலும் பெட்டமுகிலாளம் மலைக் கிராமங்களிலும் வாழ்பவர்களுக்கு, யானை நடமாட்டமுள்ள சாலையில் இரவில் ஒரு வண்டி கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிறது. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட இம்மாவட்டத்தில், 2011 கணக்கெடுப்பின்படி 18.79 லட்சம் பேர் வாழ்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஓசூர், சூளகிரி, தளி, கெலமங்கலம், வேப்பனப்பள்ளி முதலான பத்து ஒன்றியங்களின் ஊர்ப்புறங்களில் இருந்தவர்கள். மோட்டார் வண்டிகளும் கைக்கடிகாரங்களும் கைப்பேசிப் பாகங்களும் உருவாகும் தொழிற்கூடங்களின் மதிற்சுவருக்கு வெளியே, தக்காளியும் ரோஜாவும் ராகியும் விளையும் வயல்களை நம்பி வாழும் இந்தக் குடும்பங்களுக்கு மருத்துவரைக் கொண்டு சேர்ப்பது எப்படி என்ற கேள்விக்கு, கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் விடைகளில் ஒன்று தொலைமருத்துவம்.

தொலைமருத்துவம் என்பது, நோயாளி ஓரிடத்திலும் மருத்துவர் வேறிடத்திலும் இருக்க, குரல், காணொளி, படம், பரிசோதனை முடிவு ஆகியவற்றைத் தகவல்தொடர்புக் கருவிகள் வழியே பரிமாறிக்கொண்டு மருத்துவம் பார்ப்பதாகும். இதில் இரண்டு முறைகள் உண்டு. இருவரும் ஒரே நேரத்தில் திரையில் எதிரெதிரே இருந்து பேசுவது ஒரு முறை. எக்ஸ்ரே, ஈசிஜி, கண்ணின் விழித்திரைப் படம் போன்றவற்றை எடுத்து அனுப்பிவைத்து, நிபுணர் தமக்கு நேரம் கிடைக்கும்போது பார்த்துக் கருத்துச் சொல்வது மற்றொரு முறை. மருத்துவர் முகத்தைத் திரையில் பார்ப்பதையே மக்கள் தொலைமருத்துவம் என்று எண்ணினாலும், முகம் தெரியாத இந்த இரண்டாவது முறையே பல நோய்களில் கூடுதல் பயன் தருகிறது. கருங்கல் குவாரிகள் நிறைந்த கிருஷ்ணகிரியில், கல்தூசியால் நுரையீரல் பாதிக்கப்பட்ட ஒருவரின் எக்ஸ்ரேயைப் படிக்கத் தெரிந்த கதிரியல் மருத்துவர் வட்டார மருத்துவமனையில் இருக்க வேண்டிய தேவையே இல்லை, படம் அவரிடம் போய்ச் சேர்ந்தால் போதும்.

இந்த எல்லைப் பகுதியைச் சுற்றி நிகழ்ந்தவற்றை நிரல்படப் பார்த்தால் வியப்புத் தோன்றும். இந்தியாவின் தொலைமருத்துவ வரலாற்றில் முதன்மையாகச் சொல்லப்படும் அரகொண்டா என்னும் ஊர், கிருஷ்ணகிரியை ஒட்டிய ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. அப்போலோ மருத்துவமனைக் குழுமத்தை நிறுவிய மருத்துவர் பிரதாப் சி. ரெட்டியின் சொந்த ஊரான அங்கே அமைந்த மருத்துவமனை, தொலைத்தொடர்பு மூலம் நகர நிபுணர்களுடன் இணைக்கப்பட்டு, 2000 மார்ச் 24 அன்று அப்போதைய அமெரிக்க அதிபர் பில் கிளிண்டனால் தொடங்கிவைக்கப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோ தன் செயற்கைக்கோள் இணைப்பை மருத்துவத்துக்குத் திறந்துவிட்டது. ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில், பொம்மசந்திராவில் மருத்துவர் தேவி ஷெட்டி தொடங்கிய நாராயண ஹிருதயாலயா, 2002-இல் சாமராஜநகர் மாவட்ட அரசு மருத்துவமனையுடனும் சரகூரில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய மருத்துவமனையுடனும் அந்த இணைப்பின் வழியே கைகோத்தது. செயற்கைக்கோள் மைய அரசுடையது, சிற்றூர் மருத்துவமனைகளில் ஒன்று மாநில அரசுடையது, மற்றொன்று தொண்டு நிறுவனத்துடையது, திரையின் மறுமுனையில் இருந்த இதய மருத்துவர்கள் தனியார் மருத்துவமனையினர். அரசு–தனியார் கூட்டு என்று இன்று நாம் சொல்லும் அமைப்பின் முழு வடிவமும் அந்த ஒரு திட்டத்திலேயே இருந்தது.

அரசு–தனியார் கூட்டு என்பது, மக்களுக்குச் செய்ய வேண்டிய ஒரு பணியின் பொறுப்பை அரசு தன்னிடம் வைத்துக்கொண்டு, அப்பணியை நடத்தும் வேலையையோ அதற்கான முதலீட்டையோ ஒப்பந்தத்தின் வழியே தனியாருடன் பகிர்ந்துகொள்வது. பொறுப்பு கைமாறுவதில்லை என்பது இதன் உயிர்நாடி. மருத்துவமனையைத் தனியாருக்கு விற்றுவிடுவது கூட்டு ஆகாது. தனியார் நிறுவனம் ஒரு கருவியை நன்கொடையாகத் தந்து நிழற்படம் எடுத்துக்கொண்டு போவதும் கூட்டு ஆகாது. தமிழ்நாட்டு மக்கள் நாள்தோறும் காணும் மிகப் பெரிய மருத்துவக் கூட்டு, 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை. நிதியை அரசு தருகிறது. அழைப்பு மையத்தையும் வண்டிகளையும் ஊழியர்களையும் இ.எம்.ஆர்.ஐ. என்ற தனி நிறுவனம் நிர்வகிக்கிறது. நோயாளி ஒரு காசும் தர வேண்டியதில்லை. எந்த ஊரிலிருந்து அழைத்தாலும் வண்டி வரும் என்ற நம்பிக்கை மக்களிடம் வேரூன்றியதற்குக் காரணம், யார் எதற்குப் பொறுப்பு என்பது அங்கே தெளிவாக வகுக்கப்பட்டிருந்ததே.

அரகொண்டாவும் பொம்மசந்திராவும் இவ்வளவு அருகில் இருந்தும், இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொழில்நுட்பம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும், கிருஷ்ணகிரியின் ஒரு மலைக் கிராமத்தில் இரவில் மூச்சுத் திணறும் முதியவருக்கு அது ஏன் போய்ச் சேரவில்லை? செயற்கைக்கோளின் காலத்தில் கருவிகளின் விலையும் இணைப்பின் செலவும் தடையாக இருந்தன என்பது உண்மை. இன்று கைப்பேசி எல்லார் கையிலும் இருக்கிறது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் பாரத்நெட் பணி நடந்துவருகிறது. காட்டோரச் சிற்றூர்கள் சிலவற்றில் இன்னும் சிக்னல் தடுமாறினாலும், இணைப்பு என்பது முன்போல் பெருந்தடை அன்று. தடை வேறிடத்தில் இருக்கிறது. திரையின் அப்பக்கம் எவ்வளவு பெரிய நிபுணர் இருந்தாலும், இப்பக்கம் நோயாளியின் அருகில் நின்று இரத்த அழுத்தம் பார்த்து, நெஞ்சில் ஈசிஜி முனைகளைப் பொருத்தி, மருத்துவர் சொன்ன மருந்தை எடுத்துத் தந்து, தேவைப்பட்டால் வண்டியை வரவழைத்து அனுப்பிவைக்கும் ஒரு பயிற்சி பெற்ற ஆள் இல்லாவிட்டால், தொலைமருத்துவம் வெறும் தொலைபேசி உரையாடலாகவே முடிந்துவிடும்.

இதனைத் தமிழ்நாட்டின் அனுபவமே தெளிவாகக் காட்டியிருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2000-களின் நடுப்பகுதியில் தேனி வட்டாரத்தில் நீண்டதூர வைஃபை இணைப்பின் வழியே கண் பரிசோதனை மையங்களை நடத்திப் பார்த்தது; கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்குத் தொழில்நுட்ப உதவி செய்தனர். ஆனால் அம்மையங்கள் நிலைத்து நின்றதற்கு வைஃபையைவிட முக்கியமான காரணம், ஒவ்வொரு மையத்திலும் அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த, அரவிந்தே பயிற்றுவித்த பெண் ஊழியர் ஒருவர் அமர்ந்திருந்தது. அவர் பிளவு விளக்கின் வழியே கண்ணைச் சோதித்து, குறிப்பெழுதி, படத்தை அனுப்புவார். தலைமை மருத்துவமனையின் கண் மருத்துவர் திரையில் நோயாளியோடு சில நிமிடங்கள் பேசி முடிவு செய்வார். கண்ணாடி வேண்டியவர்களுக்குக் கண்ணாடி, சொட்டு மருந்து வேண்டியவர்களுக்கு மருந்து, அறுவைச் சிகிச்சை வேண்டியவர்களுக்கு மட்டுமே பயணம் என்ற ஏற்பாடு அதனால் வந்தது. மருத்துவரின் சில நிமிடங்களுக்கு முன்னும் பின்னும் அந்தப் பெண்ணின் அரை மணி நேர உழைப்பு இருந்தது.

இப்போது நடைமுறையில் உள்ள அரசு ஏற்பாட்டைப் பார்க்கலாம். மொகாலியிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கி, மைய அரசு 2019 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த இ-சஞ்சீவனி என்னும் தளம், துணை சுகாதார நிலையத்திலுள்ள ஊழியரை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவக் கல்லூரியிலோ உள்ள மருத்துவருடன் இணைக்கிறது. கொரோனா பொதுமுடக்கத்தின்போது, 2020 ஏப்ரலில், வீட்டிலிருந்தே மருத்துவரை அழைக்கும் வசதியும் அதில் சேர்ந்தது. தொடக்க மாதங்களில் அதை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்தது. அதற்குச் சற்று முன்னர், 2020 மார்ச் 25 அன்று, தொலைமருத்துவ நடைமுறைக்கான வழிகாட்டு நெறிகளும் வெளியாகின. அதுவரை மருத்துவர்களை அச்சுறுத்திவந்த சட்ட மயக்கத்தை அந்நெறிகள் தீர்த்துவைத்தன. இந்தியாவில் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் இந்தியாவின் எப்பகுதியிலுள்ள நோயாளிக்கும் தொலைவிலிருந்து ஆலோசனை வழங்கலாம். ஆலோசனைக்கு நோயாளியின் இசைவு வேண்டும். நேரில் பார்த்தே தீரவேண்டும் என்று மருத்துவர் கருதினால் எந்நிலையிலும் அப்படிச் சொல்லலாம். போதைப்பொருள் வகையைச் சேர்ந்த மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதித் தரக் கூடாது. செயற்கை நுண்ணறிவு மருத்துவருக்குத் துணை நிற்கலாமே தவிர, தானே மருந்து எழுதித் தரக் கூடாது என்பவை அவற்றுள் முக்கியமானவை.

எல்லைப் பகுதிக்கு இவற்றுள் முதல் விதி பெரும் பொருளுடையது. பெங்களூரிலுள்ள ஒரு நரம்பியல் மருத்துவர் அஞ்செட்டியிலுள்ள ஒருவருக்கு மருத்துவம் பார்க்கச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் சட்டம் கடக்கும் எல்லையைப் பணமும் ஊர்தியும் எளிதில் கடப்பதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி 2012-இல் இன்றைய பெயரைப் பெற்ற திட்டம், தன்னுடன் இணைந்த மருத்துவமனைகளில்தான் செல்லும். ஆகவே ஓசூரைச் சேர்ந்த நெசவாளர் குடும்பமோ விவசாயக் குடும்பமோ பெங்களூருக்குப் போகும்போது, அங்குள்ள மருத்துவமனை தங்கள் காப்பீட்டு அட்டையை ஏற்குமா என்ற கேள்வியுடனேயே புறப்பட வேண்டியிருக்கிறது. வேப்பனப்பள்ளி, பர்கூர்ப் பக்கத்து மக்களில் சிலர் ஆந்திரத்துக் குப்பத்திலுள்ள பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரியை நாடுவதும் இதே காரணங்களோடு பின்னியது. அருகில் இருப்பது எது, கட்டணம் எவ்வளவு, பேச்சுப் புரியுமா என்ற மூன்றையும் சீர்தூக்கியே இம்மக்கள் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பேச்சுப் புரியுமா என்பது இங்கே சிறிய கேள்வி அன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் வீட்டு மொழிகள். தளியிலும் கெலமங்கலத்திலும் தமிழை நன்கறிந்த பெண்கள்கூட உடல்வலியைச் சொல்லும்போது தெலுங்குக்கோ கன்னடத்துக்கோ மாறிவிடுவது இயல்பு. இதனோடு, அண்மை ஆண்டுகளில் ஓசூரைச் சுற்றி எழுந்துள்ள மின்னணுத் தொழிற்சாலைகளுக்கும் வாகனத் தொழிற்சாலைகளுக்கும் வட மாநிலங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியுள்ள இளைஞர்களும் இளம்பெண்களும் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசுகிறார்கள். சென்னையில் அமர்ந்து தமிழில் மட்டும் பேசும் மருத்துவரோ, பெங்களூரில் அமர்ந்து கன்னடத்தில் பேசும் மருத்துவரோ இவர்கள் எல்லாரையும் எட்ட முடியாது. மனநலத்துக்காக 2022 அக்டோபர் 10 அன்று நாடெங்கும் தொடங்கப்பட்டு, நிம்ஹான்ஸை நெறிகாட்டும் மையமாகக் கொண்டு இயங்கும் டெலி-மானஸ் சேவை, 14416 என்ற எண்ணில் அழைப்பவருக்குப் பல இந்திய மொழிகளில் பேசும் வாய்ப்பைத் தருகிறது. வீட்டைவிட்டு முதன்முறையாக வெளியே வந்து, இரவுப் பணியும் விடுதி வாழ்வுமாகத் தனிமையில் இருக்கும் பதின்ம வயதைக் கடந்த பெண்களுக்கு இந்த ஓர் எண் எவ்வளவு பெரிய துணையாக முடியும் என்பதை எண்ணிப் பார்த்தால், இச்சேவையைப் பற்றிய அறிவிப்பு ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் அவரவர் மொழியில் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டம் தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற நாள் 2021 ஆகஸ்ட் 5. அன்றுதான் இம்மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுவீடாகச் சென்று, மக்கள் பேச்சில் சுகர், பிரஷர் என்று வழங்கும் நீரிழிவையும் உயர் இரத்த அழுத்தத்தையும் கண்டறிந்து, ஏற்கெனவே நோயுள்ளவர்களுக்கு மாத்திரைகளைக் கையில் கொண்டுபோய்த் தருகிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களை நோய் ஆதரவுச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வந்து கவனிக்கிறார்கள். வயிற்றின் வழியே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளும் வீடு தேடி வருகின்றன. தொற்றா நோய்த் தடுப்புக்கான ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதை 2024-இல் இத்திட்டம் பெற்றது. இது தொலைமருத்துவத் திட்டம் அன்று. ஆனால் தொலைமருத்துவத்துக்கு இதுவரை இல்லாமலிருந்த ஒன்றை, அதாவது திரைக்கு இப்பக்கம் நிற்க வேண்டிய அந்த ஆளை, இத்திட்டமே ஊர்தோறும் உருவாக்கித் தந்திருக்கிறது.

துணை சுகாதார நிலையம் ஒன்றில் இ-சஞ்சீவனியும் மக்களைத் தேடி மருத்துவமும் சேரும்போது என்ன நிகழ்கிறது என்பதை அருகிலிருந்து பார்ப்பது பயன் தரும். தன்னார்வலர் வீட்டில் அளந்தபோது இரத்த அழுத்தம் அதிகமாக இருந்த ஒருவர் நிலையத்துக்கு வருகிறார். இடைநிலை சுகாதாரப் பணியாளர் எனப்படும், செவிலியர் பயிற்சி பெற்ற ஊழியர், அவரைச் சற்று நேரம் அமரவைத்து மீண்டும் அளக்கிறார். விரல்நுனியில் ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தத்தைச் சோதனைப் பட்டையில் வைத்துச் சர்க்கரை அளவைக் குறிக்கிறார். முன்பு எழுதிய சீட்டிலுள்ள மாத்திரைகளின் பெயரைத் தளத்தில் பதிகிறார். பின்னரே மருத்துவர் திரையில் வருகிறார். மாத்திரையின் அளவை அவர் மாற்றினால், மாற்றிய மாத்திரை அதே அறையின் அலமாரியில் இருக்க வேண்டும்; இல்லையேல் நோயாளி மருந்துச் சீட்டோடு ஓசூருக்குப் பேருந்தேற வேண்டும், அன்றைய கூலியும் போகும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990-களின் நடுப்பகுதியிலிருந்து மாநிலமெங்கும் ஒரே இடத்திலிருந்து மருந்து வாங்கி வழங்கும் முறையை நிலைநாட்டியிருப்பதால்தான் அந்த அலமாரி பெரும்பாலும் காலியாக இருப்பதில்லை. தொலைமருத்துவம் பற்றிப் பேசும்போது கணினியைப் பற்றிப் பேசும் அளவுக்கு அலமாரியைப் பற்றியும் பேச வேண்டும்.

இதயத் தாக்கில், மருந்தும் ஆளும் அருகில் இருப்பது உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது. இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் முழுவதுமாக அடைபட்டு ஏற்படும் தாக்கை மருத்துவர்கள் ஸ்டெமி என்பார்கள்; ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும் நிலை அது. சிறிய மருத்துவமனைகளைக் கிளைகளாகவும், அடைப்பை நீக்கும் வசதியுள்ள பெரிய மருத்துவமனையை மையமாகவும் வைத்து, ஈசிஜியை மின்வழியே அனுப்பி, 108 வண்டியையும் இணைத்துத் தமிழ்நாட்டில் நடத்தப்பட்ட ஸ்டெமி திட்டம், அரசும் தனியார் மருத்துவமனைகளும் இதய மருத்துவர்களின் தன்னார்வ அமைப்பும் சேர்ந்து செய்த பணி. 2012-க்கும் 2014-க்கும் இடையே 2,420 நோயாளிகளிடம் நடந்த அதன் ஆய்வு, ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விழுக்காடு 17.6-இலிருந்து 14.2-ஆகக் குறைந்ததைக் காட்டியது. நூறு பேரில் மூன்று பேருக்கு மேல் கூடுதலாகப் பிழைத்தார்கள் என்று இதைப் படிக்க வேண்டும். 2023 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இதன் அடுத்த படி: நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரல் நான்கு, அட்டோர்வாஸ்டேட்டின் எட்டு என்று பதினான்கு மாத்திரைகளை உடனே கொடுத்துவிட்டுப் பிறகு மேல்மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்ய வேண்டிய ஒருவருக்கு, பயணத்துக்கு முன் விழுங்கும் இந்தப் பதினான்கு மாத்திரைகள் பெரும் வேறுபாட்டை உண்டாக்கக்கூடியவை. ஆனால் நெஞ்சுவலி இதயத்தால் வந்ததா, வேறு காரணத்தால் வந்ததா என்று ஈசிஜி பார்த்துச் சொல்ல இரவு இரண்டு மணிக்கும் ஒரு மருத்துவர் திரையின் மறுமுனையில் இருக்க வேண்டும். அரசு மருத்துவர்கள் குறைவாக உள்ள அந்த நேரத்தில்தான் தனியார் மருத்துவமனையின் துணை உண்மையாகத் தேவைப்படுகிறது.

இமாசலப் பிரதேசத்தில் பனியால் மாதக்கணக்கில் துண்டிக்கப்படும் லாஹௌல்–ஸ்பிதி மாவட்டத்தின் கேலாங், காசா ஊர்களில் 2015 முதல் நடந்துவரும் ஏற்பாடு இவ்வகையில் கவனிக்கத்தக்கது. அரசு மருத்துவமனைக்குள்ளேயே ஒரு தொலைமருத்துவ அறையை அமைத்து, அங்கே ஊழியர்களை நியமித்து, அப்போலோ குழுமத்தின் தொலைமருத்துவப் பிரிவு வழியே அவசர ஆலோசனை பெறுகிறது மாநில அரசு; நோயாளி கட்டணம் செலுத்துவதில்லை. தனியாரைச் சேர்த்துக்கொண்டு செலவை அரசே ஏற்கும் முன்மாதிரி தமிழ்நாட்டிலும் இல்லாமல் இல்லை. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. தொடக்கத்தில் சேர்க்கப்பட்ட 609 மருத்துவமனைகளில் 408 தனியாருடையவை. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று அத்திட்டம் கேட்பதில்லை என்பது, காசுமீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44 ஊடறுத்துச் செல்லும் இம்மாவட்டத்துக்குத் தனிச் சிறப்பு. விபத்தில் விலகிக்கொண்ட மாநில எல்லை நோயிலும் விலகலாமே என்று கேட்க இது இடம் தருகிறது.

இனி, ஓசூரின் தொழிற்சாலைகள் இதில் என்ன செய்யலாம் என்பதைப் பார்க்க வேண்டும். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று விதிக்கிறது. நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்பதும் அச்சட்டத்திலேயே இருக்கிறது. டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன், அண்மையில் வந்த டாட்டா எலக்ட்ரானிக்ஸ், ஓலா எலக்ட்ரிக் போன்றவை இயங்கும் இம்மாவட்டத்தில் அந்த இரண்டு விழுக்காடு சிறிய தொகையாக இருக்க முடியாது. டி.வி.எஸ். நிறுவனத்தின் சீனிவாசன் சேவை அறக்கட்டளை 1996 முதல், அதாவது சட்டம் கட்டாயப்படுத்துவதற்கு முன்பிருந்தே ஊர்ப்புறப் பணிகளில் ஈடுபட்டுவருகிறது.

இப்பணத்தின் இயல்பை அறிந்துகொண்டே அதைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். சமூகப் பொறுப்பு விதிகளின்படி, ‘தொடர் திட்டம்’ என்று அறிவிக்கப்பட்ட பணிக்கும்கூட, தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகளே எல்லை. நீரிழிவோ இருபது முப்பது ஆண்டுகள் உடன் வாழும் நோய். மூன்றாண்டுப் பணத்தை முப்பதாண்டு நோயாளியின் மாத மாத்திரைக்கு ஒதுக்கினால், பணம் நின்றதும் அவர் நடுத்தெருவில் நிற்பார். ஆகவே மாதச் சம்பளமும் மருந்தும் சோதனைப் பட்டையும் அரசு வரவு–செலவில்தான் இருக்க வேண்டும். கட்டடத்தைச் சீரமைப்பது, சூரிய மின்தகடு பொருத்துவது, ஈசிஜி கருவி வாங்குவது, ஊழியர்களுக்குப் பயிற்சி தருவது போன்ற முடிவுள்ள செலவுகளையே நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும். கருவி தருபவர் அதன் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்துத் தர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது, ஏனென்றால் தொலைமருத்துவக் கருவிகள் பெரும்பாலும் உறுதிக்காலம் முடிந்த பிறகு பழுதாகி, பூட்டிய அறையில் உறங்கத் தொடங்குகின்றன.

பணத்தைவிடத் தொழிற்சாலைகளிடம் இருக்கும் மற்றொரு வளம் அவ்வளவாகக் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. 500-க்கு மேற்பட்ட தொழிலாளர் பணிபுரியும் ஆலையில், தகுதிபெற்ற மருத்துவ, செவிலியப் பணியாளர்களின் பொறுப்பில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்திருந்தது. மூன்று ஷிப்டும் ஓடும் ஆலைகளில் இரவிலும் அந்த அறையில் விளக்கெரிகிறது. மதிலுக்கு வெளியே அடுத்த ஊரின் துணை சுகாதார நிலையம் மாலையில் மூடிவிடுகிறது. ஆலையின் இரவு மருத்துவர் சுற்றியுள்ள சில ஊர்களின் அவசர அழைப்பைத் திரையில் எடுக்கவும், ஆலையின் வண்டி தேவைப்பட்டால் 108-க்குத் துணையாக இயங்கவும் மாவட்ட நிர்வாகம் ஓர் உடன்பாடு செய்துகொண்டால் புதிய கட்டடம் எதுவும் தேவைப்படாது. ஆலைக்குள் வேலை செய்பவருக்கு மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் இருந்தால் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. உண்டு, அவர் குடும்பத்துக்கும் உண்டு. பக்கத்து வயலில் அவர் தங்கை பூப்பறித்தால் அவளுக்கு இல்லை. ஒரே குடும்பத்தை இரண்டாகப் பிரிக்கும் இந்தக் கோட்டை அழிப்பதற்குக் கூட்டு பயன்படாவிட்டால் அதற்கு வேறென்ன பயன் இருக்க முடியும்?

இதே மூச்சில், திரை எட்டாத நோய்களும் இம்மாவட்டத்தில் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். நிலத்தடி நீரில் மிகுந்த புளோரைடு பல்லில் கறையையும் எலும்பில் வளைவையும் உண்டாக்கிய ஊர்களுக்கு எந்த நிபுணரின் ஆலோசனையும் மருந்தாகாது. ஜப்பான் நிதியுதவியோடு 2013-இல் நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அந்நோய்க்கான உண்மையான மருத்துவம். பிரசவமும் அப்படிப்பட்டதே. கருவுற்ற பெண்ணைத் திரையில் பார்த்து அறிவுரை சொல்லலாம், குழந்தையைத் திரையில் பிறப்பிக்க முடியாது. போலுப்பள்ளியில் 2022 ஜனவரியில் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், வட்டார மருத்துவமனைகளின் பிரசவ அறைகளும் வலுப்பெறாமல் தொலைமருத்துவத்தை மட்டும் வளர்ப்பது, உள்ள மருத்துவரையும் எடுத்துவிட்டு அவர் படத்தை மாட்டிவைப்பதாக முடிந்துவிடும்.

ஒப்பந்தம் எழுதும்போது பெரும்பாலும் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளப்படுவது நோயாளியின் தகவல். யாருக்கு என்ன நோய் என்ற பட்டியல் மருந்து நிறுவனங்களுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் விலைமதிப்புள்ளது. சிறிய ஊரில் காசநோயோ எச்.ஐ.வி.யோ இருப்பது வெளியே தெரிந்தால் திருமணமும் வேலையும் நின்றுபோகும். 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொதுவான காவலை வகுக்கிறது. ஆயினும், தனியார் பங்காளி எந்தத் தகவலைப் பார்க்கலாம், ஒப்பந்தம் முடிந்தபின் அதை எப்படி அழிக்க வேண்டும், ஆலை மருத்துவர் பார்த்த குறிப்பு அந்த ஆலையின் மேலாளர் கண்ணில் படாமல் இருக்க என்ன ஏற்பாடு என்பவற்றை ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் தனித்தனியே எழுதியாக வேண்டும். தன் உடல்நலக் குறைவு முதலாளிக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம் ஒரே ஒருமுறை பரவினாலும், அந்த அறைக்கு எந்தத் தொழிலாளியும் திரும்ப வரமாட்டார்.

அதே தகவல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாமல் நின்றுவிடுவது இந்த எல்லையின் அன்றாடத் துன்பம். பெங்களூரில் இதய அறுவைச் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவரின் கையில் ஆங்கிலத்தில் எழுதிய விடுவிப்புச் சீட்டு இருக்கும். எந்த மாத்திரையை எவ்வளவு நாள் தொடர வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, மாதம்தோறும் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலருக்கும் தெரியாது. 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆயுஷ்மான் பாரத் மின்னணு இயக்கம் வழங்கும் 14 இலக்க ஆபா எண், நோயாளி இசைந்தால், ஒரு மாநில மருத்துவமனையின் குறிப்பை மற்றொரு மாநிலத்தில் திறந்து படிக்க வழிசெய்கிறது. பெங்களூர் மருத்துவமனைகளோடு தமிழ்நாடு அரசு உடன்பாடு செய்யும்போது முதலில் கேட்டுப் பெற வேண்டியது இதுவே: நோயாளி அத்திப்பள்ளியைத் தாண்டி ஊர் வந்து சேர்வதற்குள், அவருடைய சிகிச்சைக் குறிப்பு அவர் ஊர்த் துணை சுகாதார நிலையத்தின் திரைக்கு வந்திருக்க வேண்டும், அதைப் படித்துப் பார்த்து மறுநாள் காலை அவர் வீட்டுக் கதவைத் தட்டும் பொறுப்பு எந்த ஊழியருடையது என்பதும் பெயரிட்டு எழுதப்பட்டிருக்க வேண்டும்.